நொண்டும் பசுவைச் சந்தைக்கு ஏற்றலாமா?

கேள்வி: வாடிப்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறேன். ஒரு மாடு கலப்பின ஜெர்சி. மூன்றாம் ஈத்தில் கன்று குறுக்கே நின்றுவிட்டதால் நான்கு பேர் சேர்ந்து இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு மாதமாகப் பசு பின் வலது காலை ஊன்றுவதில்லை. எழுந்து நிற்கிறது, பத்தடி நடந்தால் படுத்துவிடுகிறது. பாலும் வற்றிவிட்டது. தரகர் ஒருவர் 18,000 ரூபாய் தருவதாகவும், அடுத்த சந்தைக்குத் தானே வண்டி வைத்து ஏற்றிக்கொள்வதாகவும் சொல்கிறார். என் அண்ணன் மகனோ, நடக்க முடியாத மாட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தாலே அமெரிக்காவில் குற்றம், இங்கும் 2017இல் சட்டம் வந்துவிட்டது, உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறான். விற்கலாமா, கூடாதா?

பதில்: அம்மா, பசுவை விற்பதற்குத் தடை இல்லை. இன்றிருக்கும் நிலையில் அதை வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பக் கூடாது. இவை இரண்டையும் ஒரே காரியமாக நினைத்துக்கொண்டு தரகர் ஒரு பக்கமும் உங்கள் அண்ணன் மகன் மறுபக்கமும் உங்களை இழுக்கிறார்கள். சட்டம் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. நானும் அப்படியே பிரித்துச் சொல்கிறேன்.

அண்ணன் மகன் சொன்ன அமெரிக்கச் செய்தி பொய்யில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் தண்டனைச் சட்டத்தில், எழுந்து நடக்க இயலாத கால்நடையை இறைச்சிக்கூடமோ ஏலக்கூடமோ வியாபாரியோ வாங்கவும் விற்கவும் பெற்றுக்கொள்ளவும் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2008ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் சினோ என்ற ஊரில், விழுந்து கிடந்த கறவை மாடுகளைப் பளு தூக்கும் வண்டியால் முட்டித் தள்ளிய காட்சிகள் வெளியாகி, 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு அந்தப் பிரிவைக் கடுமையாக்கினார்கள். ஆனால் 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் ஆய்வுக்கு உட்பட்ட இறைச்சிக்கூடங்களை இந்த மாநிலச் சட்டம் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே எழ முடியாத மாடு என்றாலே நாடு முழுவதும் அஞ்சத் தொடங்கியதற்குக் காரணம், 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பசு ஒன்றுக்கு மூளையைச் சிதைக்கும் நோய் உறுதியானதுதான். மறு மாதமே அத்தகைய மாடுகள் மனித உணவுக்குச் செல்லக் கூடாது என்று அரசு நிறுத்தியது. ஆக, அவர்களுடைய கவலையில் பெரும்பங்கு இறைச்சியை உண்பவரைப் பற்றியது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சந்தை ஆணை இதைவிட நேரடியானது: தகுதியற்ற விலங்கைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்துவதே அங்கு குற்றம்.

நம் நாட்டில் அப்படி ஒரு நேரடித் தடையைக் கொண்டுவர முயன்றது, உங்கள் அண்ணன் மகன் சொல்லும் 2017ஆம் ஆண்டின் கால்நடைச் சந்தை விதிகள்தாம். அவ்வாண்டு மே 23 அன்று மத்திய அரசு அவற்றை அறிவித்தது. தளர்ந்தது, நோயுற்றது, காயம்பட்டது, களைத்தது ஆகியவற்றைத் ‘தகுதியற்ற விலங்கு’ என்று அவ்விதிகள் வரையறுத்தன. ஆனால் நாடு முழுவதும் கொதித்ததற்குக் காரணம் அந்த வரையறை அன்று. சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கவே கூடாது என்ற நிபந்தனை. ஒரே வாரத்தில், மே 30 அன்று, நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட புதிய வரைவில் இறைச்சி பற்றிய நிபந்தனை விலக்கப்பட்டு, தகுதியற்ற விலங்கையும் இளங்கன்றையும் சந்தையில் விற்கக் கூடாது என்ற பகுதி மட்டும் இடம்பெற்றது. வரைவை வைத்து ஒருவரை உள்ளே போட முடியாது. எனவே அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11(1) பிரிவில் ‘கே’ என்ற உட்பிரிவு, உறுப்புச் சிதைவாலோ பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ வேறு கொடுமையாலோ வலியில் தவிக்கும் விலங்கை விற்பனைக்கு நிறுத்துவதைக் குற்றமாக்குகிறது. இந்த வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஊனமுற்ற விலங்கை விற்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. கொடுமையால் விளைந்த வலியோடு நிற்கும் விலங்கை விற்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. உங்கள் பசு நொண்டுவது ஈன்றபோது நேர்ந்த விபத்தால். அதில் உங்கள் கொடுமை எதுவும் இல்லை. ஆகவே அது நொண்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த உட்பிரிவு உங்கள்மீது பாயாது. இருந்தாலும் அரசுத் தரப்பில் நான் நின்றால் ஒரு கேள்வி கேட்பேன்: இந்த இரண்டு மாதத்தில் எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் அதற்கு விடை இல்லை. தன் பொறுப்பிலுள்ள விலங்குக்குத் தேவையற்ற வலி நேராமல் நியாயமான நடவடிக்கை எல்லாவற்றையும் எடுப்பது உரிமையாளரின் கடமை என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. சிகிச்சை தராமல் வைத்திருந்து விற்பனைக்கும் கொண்டுவந்தால், விபத்தில் வந்த வலி கொடுமையில் வந்த வலியாக மாறிவிட்டது என்று வாதிட இடம் கிடைக்கும்.

இனி வண்டிக்கு வருவோம். சந்தை வாசலில் தளர்ந்து நிற்கும் நம் சட்டம், வண்டியின் பின்கதவருகே வந்ததும் இறுகிவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வண்டியோடு இருந்தாக வேண்டும். சான்று இல்லையென்றால் வண்டிக்காரர் ஏற்ற மறுக்க வேண்டும். தரையில் வழுக்காதபடி தென்னை நார்ப்பாயோ பலகையோ விரிக்க வேண்டும். ஒரு சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் கூடாது. கூடவே ஓர் ஆள் வர வேண்டும். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. பத்தடிக்கு ஒருமுறை படுக்கும் பசுவுக்கு, சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதற்காக அன்றி, சந்தைப் பயணத்துக்கென்று எந்த மருத்துவரும் மனமறிந்து சான்று தரமாட்டார். சரி, நடத்தியே ஓட்டிப் போகலாம் என்று தரகர் சொன்னாலும் ஏற்காதீர்கள். 5 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நடத்திச் செல்வதற்கு 2001ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன; நொண்டும் மாடு, கண் தெரியாத மாடு, எலும்பும் தோலுமான மாடு, ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாடு ஆகியவற்றை நடத்திச் செல்லவே கூடாது என்று அவை பெயர் சொல்லித் தடுக்கின்றன. ஊனமுற்ற மாட்டைப் பற்றி நம் சட்டத்தில் இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட வரி வேறொன்றை நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இதேபோல் ஒரு பசுவைத் தரகர் கையில் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட விவசாயி ஒருவருக்காக நான் வழக்காடினேன். பசுவின் உடல்நிலை அறிக்கையோடு இணைக்கப்பட்டிருந்த புகைப்படங்களில் ஒன்று இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதில் முழுப் பசுவும் இல்லை. வால் மட்டும் இருந்தது. ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடங்களில் மடங்கி, சைக்கிள் சங்கிலி அறுந்து தொங்குவதுபோல் தொங்கியது. ‘குட்டி யானை’ எனப்படும் சிறிய சரக்கு வண்டியின் பின்னால் சாய்த்த பலகையில் ஏற மறுத்துப் படுத்துவிட்ட பசுவை எழுப்ப, இரண்டு பேர் வாலை முறுக்கியிருக்கிறார்கள். என் கட்சிக்காரர் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “ஏத்துனது நான் இல்லைங்கய்யா.” அது உண்மை. ஆனால் உரிமையாளர் போதிய கவனமும் மேற்பார்வையும் செலுத்தவில்லையென்றால் அவரே குற்றம் செய்ததாகக் கருதப்படுவார் என்று 11(2) பிரிவு சொல்கிறது. பணம் முழுதும் கைமாறாததால், அன்று பசு அவருடையதாகவே இருந்தது. உங்கள் தரகரும் சந்தையில் விற்ற பிறகுதான் பணம் தருவார் என்றால் உங்கள் நிலைமையும் அதுவேதான்.

தண்டனை எவ்வளவு என்று கேட்பீர்கள். முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை அப்படியே நிற்கிறது; சந்தை வாசலில் மூக்கணாங்கயிறு வாங்குபவர்கூட இதைக் கேட்டுச் சிரிப்பார். வலி வேறு இடத்தில் இருக்கிறது. தலைமைக் காவலர் முதலான அதிகாரி ஒருவர் 34ஆம் பிரிவின்படி மாட்டைக் கைப்பற்றி, நீதித்துறை நடுவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்கு நிறுத்தலாம். பிறகு அது பராமரிப்பு இடத்துக்கு அனுப்பப்பட்டால், 35ஆம் பிரிவின்படி கொண்டுபோன செலவும் தீவனச் செலவும் வைத்தியச் செலவும் உரிமையாளரின் கணக்கில் சேரும். என் கட்சிக்காரர் கட்டிய அபராதம் 50 ரூபாய். வாய்தாவுக்கு வாய்தா பேருந்தில் வந்து போனதற்கும் தீவனக் கணக்கைத் தீர்த்ததற்கும் சேர்த்து அவர் அந்தப் பசு விற்றிருக்கக்கூடிய விலையைவிடக் கூடுதலாகச் செலவழித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் இங்கே குறிப்பிட்ட உட்பிரிவுகளின் கீழ் வரும் குற்றங்களுக்குக் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாது. எனவே ‘உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்பது மிகை. அதேபோல், வழியில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிப் பணம் கேட்கும் தனி ஆட்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்படி யாராவது மறித்தால் காவல்நிலையத்துக்குத் தகவல் சொல்வதே முறை.

அடுத்து, தரகர் செய்யக்கூடிய வேறொரு காரியத்தைப் பற்றி எச்சரிக்கிறேன். கண்டிப்பாகச் செய்வார் என்று சொல்லவில்லை, செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியுமுன் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நல்ல மாட்டை வாங்குபவர் கேட்காமலேயே நடத்திக் காட்டுவார்கள், நொண்டும் மாடு சுவரோரமாக, கெட்ட கால் சுவர்ப்பக்கம் இருக்கும்படி கட்டப்பட்டிருக்கும். “நடத்திக் காட்டுங்க” என்று கேட்டால், வண்டியில் வந்த அசதி, இப்போதுதான் தண்ணீர் காட்டினோம் என்று பதில் வரும். அதற்கும் துணிந்தவர்கள் அதிகாலையில் வலி ஊசி போட்டு இரண்டு மணி நேரம் நடக்க வைத்துவிடுவார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் மடிவதற்குக் காரணமானதால் மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006இலேயே தடை செய்யப்பட்ட டைக்ளோபினாக்கைக்கூட மனித மருந்துக் கடையில் வாங்கிப் போட்ட கதை எனக்குத் தெரியும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்துவிடும். மாடு வாங்கியவர் வீட்டுத் தொழுவத்தில் போய் விழும்.

இதற்கு மிருகவதைச் சட்டத்தைத் தேட வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே போதும். அதன் 17ஆம் பிரிவில் மோசடிக்குத் தரப்பட்டிருக்கும் முதல் உதாரணமே ஏலத்தில் விற்கப்படும் குதிரையைப் பற்றியது என்பது பலருக்கு வியப்பளிக்கும். குதிரைக்குக் குறை இருப்பதை அறிந்த ஒருவர் ஏலத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விற்கிறார். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்கவில்லையென்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று சொன்ன பிறகும் விற்பவர் வாய் திறக்கவில்லையென்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வெறுமனே சொல்லாமல் இருப்பது ஒன்று. அறிந்த குறையை முனைந்து மறைப்பது வேறு. வலி ஊசி போட்டு நடத்திக் காட்டுவது இரண்டாவது வகை. அது அப்பட்டமான மோசடி. வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர் தேடி வரும்போது தரகர் அடுத்த சந்தையில் இருப்பார். மாட்டின் காதில் அடையாளத்துக்காகப் பொருத்தியிருக்கும் வில்லையின் 12 இலக்க எண்ணை வைத்து உங்கள் வீட்டைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, 1962 என்ற எண்ணுக்கு அழைத்தோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லியோ மருத்துவரை வீட்டுக்கே வரவழைப்பது. கன்றை இழுத்து எடுக்கும்போது தொடைக்குச் செல்லும் நரம்பு நசுங்கியிருக்கலாம். இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். என்னைப் போன்றவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நொண்டல்தான். தேறுமா, தேறாதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு தாள், சிகிச்சை தரவில்லை என்ற கேள்விக்குப் பதிலாகவும், விற்கும்போது குறையை மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகவும் இருக்கும். பசுவுக்குக் காப்பீடு இருந்தால், நிரந்தர ஊனத்துக்கும் ஈடு உண்டா என்று பத்திரத்தைப் பாருங்கள். பசுவை விற்ற பிறகு அதைக் கேட்க முடியாது.

தேறும் என்று மருத்துவர் சொன்னால், பசு நன்றாக நடக்கத் தொடங்கும்வரை பொறுத்திருந்து விற்பதே லாபம். அப்போது விலையும் 18,000 ஆக இருக்காது. முழுவதும் தேறாது, ஆனால் வலியின்றி நின்று மேயும், மறுபடி சினை பிடிக்கும் என்றால், உங்கள் தொழுவத்தில் வைத்தே, வளர்க்க நினைப்பவருக்கு விற்கலாம். அக்கம்பக்கத்துக்காரர் யாராவது எடுத்துக்கொண்டால் பயணமே தேவைப்படாது. ஒரு வெள்ளைத் தாளில் மாட்டின் நிறம், கொம்பு, பல், காது வில்லை எண், விலை, தேதி ஆகியவற்றோடு, “பின் வலது கால் ஊன்றாது என்பதை நேரில் நடத்திப் பார்த்து, மருத்துவர் அறிக்கையையும் படித்து வாங்குகிறேன்” என்று வாங்குபவர் கையாலேயே எழுதி வாங்கி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

தேறவே தேறாது என்றால் என்ன செய்வது? இதற்குத்தான் நம் சட்டம் விவசாயிக்கு ஒழுங்கான வழி வைக்கவில்லை என்பது என் கருத்து. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையும், காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போன மாட்டையும் சான்று பெற்று இறைச்சிக்கு அனுப்பலாம். காளைக்கும் எருமைக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. பசுவுக்கும் கிடாரிக்கும் 1976ஆம் ஆண்டின் அரசாணை இறைச்சிக்கூடத்தை மூடிவிட்டது. மூடியதால் பசு வீட்டில் நிற்பதில்லை; இரவோடு இரவாகக் கேரள வண்டியில் ஏறுகிறது. பத்தடி நடக்க முடியாத மாடு நூறு கல் தொலைவு நின்றுகொண்டே போகிறது. உங்கள் தரகர் வற்றிய பசுவுக்கு 18,000 தருகிறார் என்றால் அவர் மனத்தில் இருப்பது எந்தச் சந்தை என்பதை உங்களால் ஊகிக்க முடியும். இதை எழுதும்போது உங்களைக் குறை சொல்லவில்லை. தினமும் தீவனம் போட்டுப் பால் கறக்காத மாட்டை வைத்திருக்கும் சுமையை, சட்டம் எழுதியவர்கள் சுமக்கப் போவதில்லை.

சிலர் செய்வதுபோல் கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி நான்குவழிச் சாலையோரம் அவிழ்த்துவிடாதீர்கள். பட்டினியிலோ தாகத்திலோ தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவதும், நோயுற்ற அல்லது ஊனமுற்ற மாட்டைத் தெருவில் சாகவிடுவதும் அதே 11ஆம் பிரிவில் தனித்தனிக் குற்றங்கள். ஏற்றுக்கொள்ளும் கோசாலை இருந்தால், மருத்துவர் சான்றோடு, பாய் விரித்த வண்டியில், அந்த ஒரு மாட்டை மட்டும் வைத்து, நீங்களும் கூடப் போய்ச் சேர்த்துவிட்டு ரசீது வாங்கி வாருங்கள். எழவே முடியாமல் படுத்த படுக்கையாகி, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் கருதும் நிலை வந்தால், உங்கள் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு வலியின்றி முடித்துவைப்பதைப் பற்றி அவரிடமே பேசலாம். சொல்வதற்குக் கடினமான வார்த்தைதான். இருந்தாலும் அந்தப் புகைப்படத்தில் பார்த்த வாலை நினைத்தால் எனக்கு அதில் தயக்கம் வருவதில்லை.

மதுரையின் மாட்டுத்தாவணி என்ற பெயரே மாடுகளை வரிசையாகக் கட்டி விற்ற இடத்தைக் குறிப்பதுதான். அந்த இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. தாவணியில் பேசிய வாய்மொழிப் பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே தங்கிவிட்டது. தரகரிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால், இரண்டு பேர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்து, “மாட்டை ஏற்றவில்லை, கணக்கு முடிந்தது” என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சந்தை நாளுக்கு முன்பாகவே அதைச் செய்துவிடுங்கள்.